சாவி, சவேரியார், ஐ.என்.ஏ. மார்க்கெட்

நீண்ட பதிவு. நெறியாளருக்கு அனுப்ப வேண்டிய இயலை ஒதுக்கி வைத்துவிட்டு இதனை எழுதுகிறேன். அவர் முகநூல் பார்ப்பதில்லை என்னும் துணிவில்.

சென்ற ஞாயிறன்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் சென்றது மீன் வாங்குவதற்காக. தில்லியில் வாழும் தென்னாட்டவர்க்கு அச்சந்தையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஏனையோர்க்குச் சில சொற்கள். இந்திய தேசிய இராணுவத்தின் பெயரைத் தாங்கிய குடியிருப்பை ஒட்டி, தில்லி ஹாட்டுக்கு எதிரே, குறுகிய சந்துகளாக அமைந்த பழைய சந்தை அது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழையிலையும் மலையாளிகளின் மளிகைக் கடைகளும் ஒரு பக்கம், தூதரகத்தார் தேடி வரும் பாலாடைக்கட்டியும் ஆலிவ் எண்ணெயும் மறுபக்கம், நடுவே மீன். (மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர் பலர். அப்படையின் பெயர் கொண்ட சந்தையில் நின்று முருங்கைக்காய்க்குப் பேரம் பேசுகிறோம். அது வேறொரு பதிவுக்குரிய செய்தி.)

அன்று அறைச் சாவிக்கு ஒரு மாற்றுச் சாவியும் செய்துகொள்ள வேண்டியிருந்தது. நடைபாதையில் அரத்தோடு அமர்ந்திருந்த முதியவர் என் சாவியை வாங்கிப் பார்த்து, எத்தனை வேண்டும் என்று இந்தியில் வினவினார். அவர் வாயில் அச்சொல் 'ச்சாபி' என்று ஒலித்தது. தமிழில் நாம் 'பச்சை' என்று சொல்லும்போது வருகிறதே, அந்த அழுத்தமான சகரம். நான் இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சாவி என்று சொல்லி வருகிறேன்; மொழியியலில் முதுகலைப் பட்டமும் பெற்றிருக்கிறேன். ஆயினும் அந்த ஒலி அன்றைக்குத்தான் செவியில் தைத்தது.

சாவி போர்த்துக்கீசியச் சொல் என்பது பலருக்கும் தெரியும். இன்றைய லிஸ்பனில் அதனை 'ஷாவ்' என்றுதான் ஒலிப்பார்கள். ஆனால் பதினாறாம் நூற்றாண்டில், அவர்களுடைய கப்பல்கள் நம் கரைக்கு வந்தபோது, அச்சொல்லின் முதலொலி 'ஷ' அன்று. 'பச்சை'யின் 'ச்ச' ஒலியே. பின்னர் லிஸ்பன் வழக்கில் அது தேய்ந்து 'ஷ' ஆயிற்று. போர்ச்சுகலின் வடக்கு மலைப்புறத்துச் சிற்றூர்களில் மட்டும் பழைய ஒலி இன்னும் உயிரோடிருக்கிறது. ஆக, லிஸ்பன் இழந்துவிட்ட ஓர் ஒலியை ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் நடைபாதையில் ஒருவர் அரத்தால் இரும்பை ராவியபடி காத்துவருகிறார். தமிழும் காத்திருக்கலாம், ஆனால் நம் எழுத்து அதைக் காட்டாது. சகரம் ஒன்றைக்கொண்டே 'ச்ச', 'ஸ' இரண்டையும் நாம் எழுதிவிடுகிறோம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் இப்பதிவு முழுவதும் விரிக்கப்போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்களின் பட்டியல் ஆண்டுக்கு நான்கு முறையாவது நம் திரையில் வலம் வருகிறது. சன்னல், அலமாரி, மேசை, பேனா, பீப்பாய், பொத்தான், மேஸ்திரி, ஏலம். ஈழத்து நண்பர்கள் கதிரை, சப்பாத்து, பாண், குசினி, துவாய், அலவாங்கு என்று சேர்ப்பார்கள். பட்டியலில் பிழை குறைவு. ஆனால் பட்டியல் வரலாறு ஆகாது. ஏலம் என்பதையே எடுத்துக்கொள்வோம். மார்க்கெட்டில் விற்கும் ஏலக்காயின் ஏலம் நம்முடையது. கூவி விற்கும் ஏலம் போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்தது. அவர்களுக்கோ அது அரபியிலிருந்து வந்தது. ஒரே உருவம், இரு பிறப்பு. 'கடுதாசி'யை அரபியின் கணக்கில் எழுதுவதா போர்த்துக்கீசியத்தின் கணக்கில் எழுதுவதா என்பதை உருவ ஒற்றுமை ஒன்றைக்கொண்டு முடிவு செய்ய இயலாது.

பழக்கடைகளின் முன் நின்றால் இன்னும் சுவையான செய்தி ஒன்று கிடைக்கும். அன்னாசி, பப்பாளி, கொய்யா மூன்றும் அமெரிக்கப் பழங்கள். அவற்றின் பெயர்கள் தென்னமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் வாழ்ந்த பழங்குடிகளின் மொழிகளில் பிறந்து, ஸ்பானியர், போர்த்துக்கீசியர் வாய் வழியாக நம்மிடம் வந்தன. மிளகாயும் அதே கப்பல்களில் வந்ததுதான். ஆனால் அதற்குத் தமிழர் வெளிநாட்டுப் பெயரை ஏற்கவில்லை. மிளகு போலக் காரம் உள்ள காய் என்று தாமே பெயரிட்டுக்கொண்டனர். பறங்கிக்காய்க்கோ வந்த வழியையே பெயராக்கிவிட்டனர். மாற்றாக நாம் கொடுத்ததும் உண்டு. மாங்காயிலிருந்து போனதுதான் போர்த்துக்கீசியரின் 'மங்கா'வும் ஸ்பானியரின் 'மாங்கோ'வும். ஒரு மொழி எந்தச் சொல்லை அப்படியே வாங்குகிறது, எதற்குத் தானே பெயர் வைக்கிறது என்பது மொழியியலில் நல்ல வினா. அதையும் இங்கே விட்டுச் செல்கிறேன். எனக்கு வேண்டியது சொற்களுக்கும் அடியில் கிடக்கும் ஒலி.

இனி 1540களின் முத்துக்குளித்துறைக்குச் செல்வோம். என் சொந்தக் கரை அது. எங்கள் ஊர்களில் பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது என்னும் குடும்பப் பெயர்கள் இயல்பு. தில்லியில் என் பெயரைக் கேட்கும் ஒவ்வொருவரும் உடனே, கோவாவா என்று கேட்கின்றனர். தூத்துக்குடி என்றால் நம்புவதில்லை. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பரதவர் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றது, முத்துக்குளிக்கும் உரிமையும் உயிரும் போட்டியாளர்களால் அச்சுறுத்தப்பட்ட நிலையில் போர்த்துக்கீசியக் கடற்படையின் காவலை நாடிச் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. அதனை வெறும் பக்தியாகவும் வெறும் வஞ்சகமாகவும் காட்டும் எழுத்துகள் இருபுறமும் மிகுதி. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

1542இல் அங்கு வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தம் இக்கட்டை அவரே சொல்கிறார்: அம்மக்களின் மொழி மலபார், தம்முடைய தாய்மொழி பாஸ்கு, ஆகவே இருபக்க மொழியும் அறிந்தவர்களைத் திரட்டி மந்திரங்களை மொழிபெயர்த்ததாக. போர்த்துக்கீசியர் அந்நாளில் தமிழையும் மலபார் என்றே அழைத்தனர்.

அவர் பெயரையே பாருங்கள். பாஸ்கு மொழியில் 'புதிய வீடு' என்று பொருள்படும் ஓர் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது அது. ஸ்பெயினில் இன்று அதனை 'ஹவியேர்' என்பர். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியத்தில் அந்த முதலெழுத்துக்கு 'ஷ' ஒலி. பின்னர்தான் அது தொண்டைக்குள் இறங்கி 'ஹ' போலாயிற்று. செர்வாந்தேசின் வீரனுக்கும் இதே கதைதான். 1605இல் அவன் 'கிஷோத்தே', இன்று 'கிஹோத்தே'. பிரெஞ்சும் இத்தாலியமும் பழைய ஒலியோடு அவன் பெயரை இன்னும் சொல்லுகின்றன. தில்லியில் ஸ்பானிய மொழி வரலாற்று வகுப்பொன்றில் வெளியாளாக அமர்ந்து இதனைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு மணி அடித்தது. சவேரியார்! எங்கள் கடற்கரையில் கோவில்தோறும் ஒலிக்கும் அந்தப் பெயரில் சகரம் நிற்கிறதே. ஸ்பானியர் தொலைத்த ஒலியின் தடத்தை, போர்த்துக்கீசியர் வாய்வழி பெற்று, உப்புக்காற்றில் நாங்கள் வைத்திருக்கிறோம்.

சவேரியார் சில ஆண்டுகளில் கிழக்கே போய்விட்டார். தமிழோடு தங்கியவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழர் வாயில் அண்டிரிக் அடிகளார். போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத வழித்தோன்றல் என்பதனால் பிரான்சிஸ்கு சபை அவரை வெளியேற்றியது. பிறகே இயேசு சபை ஏற்றது. 1546இல் கோவாவுக்கும் அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கும் வந்து, 1600இல் புன்னைக்காயலில் இறக்கும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அக்கரையில் வாழ்ந்தார். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சான பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' அவருடைய மொழிபெயர்ப்பு. 1586இல் வெளிவந்த, அறுநூறு பக்கங்களைத் தாண்டும் 'அடியார் வரலாறு'ம் அவருடையதே. இவற்றைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டுள்ளது. நான் பேச விரும்புவது அவர் அச்சிடாத நூலைப் பற்றி.

கரைக்கு வந்த ஓரிரு ஆண்டுகளுக்குள், 1548–49 வாக்கில், அவர் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். 'ஆர்த்தே த லிங்குவா மலபார்' என்பது அதன் பெயர். ஐரோப்பிய மொழியொன்றில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கணங்களுள் முதலாவது இது. கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது.

ஆண்டுகளைச் சற்றே அடுக்கிப் பார்த்தால் வியப்பு கூடும். ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கணம் நெப்ரிஹா எழுதியது, 1492. போர்த்துக்கீசியத்துக்கு முதல் இலக்கணம் பெர்னாவ் தெ ஒலிவெய்ரா எழுதியது, 1536. அடுத்தது ஜுவாவ் தெ பாரோஸ் எழுதியது, 1540. அண்டிரிக் அடிகள் தமிழிலக்கணம் எழுத அமர்ந்தபோது போர்த்துக்கீசிய இலக்கண மரபுக்கு வயது பதின்மூன்று. இலத்தீன் அறியாதவர் தம் நூலைப் புரிந்துகொள்ளப் பாரோசின் இலக்கணத்தைப் படிக்க வேண்டும் என்று அவரே பரிந்துரைக்கிறார். மறுபுறம் தொல்காப்பியத்தை விடுங்கள், நன்னூலுக்கே அப்போது முந்நூறு வயது. பதின்மூன்று வயதுப் பிள்ளை முதியவரை அளக்க வந்த கதை.

அளந்த கோலோ இலத்தீன். தமிழில் இல்லாத வினை வடிவங்களுக்கு இலத்தீனில் அறை இருந்தால், அந்த அறையை நிரப்புவதற்குரிய தமிழ்த் தொடரைத் தேடிப் பிடித்து வைக்கிறார். நூலின் பெரும்பகுதி வினைச்சொல்லுக்கே. இதனைப் படிக்கும் தமிழ் மாணவர்க்கு முதலில் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. பிறகு சிரிப்பு அடங்கிவிடும். ஏனெனில் அவ்வறைகளில் அவர் நிரப்பியவை நன்னூலின் சொற்கள் அல்ல. கரையில் அவர் செவியில் விழுந்தவை. நன்னூலார் சொல்லாத, சொல்ல வேண்டாததென்று கருதிய ஒரு தமிழை, பரதவர் பேச்சை, இந்த அரைகுறை மாணவர் எழுதி வைத்தார். கற்றுத் தேர்ந்திருந்தால் ஒருவேளை அவரும் செந்தமிழுக்குப் போயிருப்பார்.

கல்வெட்டுகளில் பேச்சு வடிவங்கள் உண்டு; வீரசோழியமும் சிலவற்றைப் பேசுகிறது. அவற்றை மறுக்கவில்லை. ஆனால் அவை யாவும் தமிழெழுத்தில் உள்ளன, அல்லது தமிழெழுத்தின் வழியே சிந்திக்கின்றன. தமிழெழுத்து ஒலியனுக்கு ஓர் எழுத்து என்னும் சிக்கனமான அமைப்பு. 'அகம்' என்று எழுதினால் அக்ககரம் வன்மையாக ஒலித்ததா, மென்மையாக ஒலித்ததா, காற்றாகக் கரைந்ததா என்று எழுத்து சொல்லாது. சொல்ல வேண்டிய தேவையும் தமிழனுக்கு இல்லை. ரோமன் எழுத்தில் எழுதுபவனுக்கோ தப்ப வழியில்லை. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அண்டிரிக் அடிகளின் இலக்கணம் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்திலும் தருகிறது. 1554 பிப்ரவரி 11இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா' என்னும் சிறு மறைநூல் ஒருபடி மேலே போய், தமிழ் முழுவதையும் ரோமன் எழுத்திலேயே தருகிறது. அதனை ஆக்கியவர்கள் அந்நகரில் இருந்த மூன்று தமிழர்: விசென்தே தெ நசரே, ஜோர்ஜே கர்வால்யோ, தோமா த குரூஸ். அவர்களுடைய ஞானஸ்நானப் பெயர்களே அச்சில் நிற்கின்றன. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் தமிழ் வாயில் எப்படி ஒலித்தது என்று அறிய, தமிழெழுத்துக்கு வெளியே நமக்குள்ள பழைய சான்றுகள் இவை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. என் ஆய்வும் அங்கேதான் நிற்கிறது. அந்த ரோமன் எழுத்துகளைப் படிப்பது எப்படி? ஆங்கிலம் படிப்பது போலப் படித்தால் பெரும்பிழை. போர்த்துக்கீசிய எழுத்துக்கூட்டலில் சகர ஒலிகளுக்கு மட்டும் பல எழுத்துகள் உண்டு. 'எஸ்' ஒன்று, வால் முளைத்த 'ஸி' மற்றொன்று, 'எக்ஸ்' எழுத்து 'ஷ' ஒலிக்கு, 'ஸி–ஹெச்' கூட்டெழுத்து சாவியில் கேட்ட 'ச்ச' ஒலிக்கு. அண்டிரிக் அடிகள் பிறந்த காலத்துப் போர்த்துக்கீசியத்தில் 'எஸ்' எழுத்தும் வாலுள்ள 'ஸி'யும் வெவ்வேறு ஒலிகள். ஒன்று நாநுனியை மேலே தூக்கி ஒலிப்பது. மற்றது நாவைப் பல்லின் பின்னே பரப்பி ஒலிப்பது. அந்நூற்றாண்டிலேயே தெற்குப் பகுதிகளில் இரண்டும் ஒன்றாகிக்கொண்டிருந்தன.

ஆகவே ஒரு தமிழ்ச் சொல்லின் சகரத்தை அவர் வாலுள்ள 'ஸி'யால் எழுதினால், அது கரைத்தமிழின் உண்மையான ஒலியைப் பற்றிய சான்றாகலாம். அல்லது இரண்டு ஒலிகளையும் வேறுபடுத்தாத ஒருவர் கைக்கு வந்த எழுத்தைப் போட்டிருக்கலாம். எது என்று தீர்மானிக்க என்ன தெரிய வேண்டும்? தமிழ் மட்டும் தெரிந்தால் போதாது. பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியத்தின் ஒலியியல் தெரிய வேண்டும்; அலென்தேஜு நாட்டான் ஒருவன் எப்படிப் பேசினான் என்பது தெரிய வேண்டும். ஒப்பிட ஸ்பானியத்தின் அதே காலத்து ஒலிமாற்றங்களும் தெரிய வேண்டும். அதாவது, ஸ்பானிய–போர்த்துக்கீசிய மொழியியல் மாணவர் முதுகலையில் படிக்கும் பாடத்தைத் தமிழ் ஆய்வாளர் படித்தாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உதவித்தொகை நேர்காணலுக்குச் சென்றேன். எந்த இடம் என்பது வேண்டாம். 'தமிழ் பற்றிய ஆய்வுக்குப் போர்த்துக்கீசியம் எதற்கு? அதற்குத்தான் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிட்டதாமே?' என்று கேட்டார்கள். வந்துவிட்டது உண்மைதான். ஹான்ஸ் வெர்மீர் ஹைடல்பெர்க்கிலிருந்து 1982இல் அந்த இலக்கணத்தைப் பதிப்பித்தார். எழுதப்பட்ட நானூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின். ஜீன் ஹெய்னும் வி. எஸ். ராஜமும் விரிவான ஆய்வோடு ஆக்கிய ஆங்கில மொழிபெயர்ப்பு ஹார்வர்டு ஓரியண்டல் தொடரில் 2013இல் வெளிவந்தது. ராஜம் அவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் என்னைப் போன்றோர் அந்த நூலுக்குள் நுழைந்திருக்கவே முடியாது. ஆனால் மொழிபெயர்ப்பு பொருளைத்தான் தரும். எனக்கு வேண்டிய சான்று பொருளில் இல்லை, எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. வாலை மொழிபெயர்க்க முடியாது. இதை அன்றைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உதவித்தொகையும் வரவில்லை.

அந்த வினாவின் மீது எனக்கு இப்போது கோபமில்லை. அது ஒருவருடைய அறியாமை அன்று. படிப்புகள் பிரித்து வைக்கப்பட்டிருக்கும் முறையே அப்படி. தில்லியில் இம்மொழிகளைப் படிக்க இடம் உண்டு. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய, போர்த்துக்கீசிய, இத்தாலிய, இலத்தீன் அமெரிக்க ஆய்வுகளுக்கென ஒரு மையம் இயங்குகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மானிய, ரொமான்ஸ் ஆய்வுத் துறை உண்டு. கோவாப் பல்கலைக்கழகத்தில் போர்த்துக்கீசியத்துக்கே முதுகலை உண்டு. அங்குப் பயிலும் நண்பர்கள் செர்வாந்தேஸ், கமோயிஸ், பெசோவா, மார்க்கேஸ் என்று ஆழமாகப் படிக்கின்றனர். தமிழிலும் இலத்தீன் அமெரிக்க இலக்கியத்துக்குச் சிற்றிதழ்க் காலம் தொட்டு வாசகர் உண்டு. பெரும்பாலும் ஆங்கிலம் வழியே. இருந்தும், ஸ்பானியம் பயில்பவர் மேசைக்கு அண்டிரிக் அடிகள் வருவதில்லை. அவர் இலக்கியமும் அல்லர், இலத்தீன் அமெரிக்காவும் அல்லர். தமிழ் பயில்பவர் மேசைக்கு அவர் வருவார், ஆனால் 'தமிழ் அச்சின் தந்தை' என்னும் ஒற்றை வரியாக வந்து தேர்வு முடிந்ததும் போய்விடுவார்.

அரசியலுக்கும் இதில் பங்குண்டு. கோவாவின் காரணமாக 1955 முதல் 1974 வரை இந்தியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் தூதரக உறவே இல்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் அயல்மொழித் துறைகள் வேர்விட்ட காலம் அது. போர்த்துக்கீசியம் அடிமைப்படுத்தியவனின் மொழியாகவும், லிஸ்பன் ஆவணக்காப்பகம் எட்டாத இடமாகவும் இருந்ததில் வியப்பில்லை. அந்த மொழி அப்பாவியும் அன்று. எங்கள் கரையில் பாதிரியார் தமிழ் கற்று இலக்கணம் எழுதிய அதே பேரரசு, 1684இல் கோவாவில் கொங்கணியைக் கைவிட்டுப் போர்த்துக்கீசியம் பேசும்படி ஆணையிட்டது. எனினும் பகைவன் வீட்டுப் பெட்டியில் நம் பத்திரம் இருந்தால், பூட்டைத் திறக்கக் கற்றுக்கொள்வதுதானே முறை?

அதனைக் கற்றுக்கொண்ட ஒருவர் இருந்தார். சேவியர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைப் பக்கத்தவர், ரோமில் இறையியலும் அண்ணாமலையில் தமிழும் பயின்றவர். ஐரோப்பிய மொழிகள் பல அவருக்குக் கைவந்திருந்தன. 1954இல் வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டெடுத்தது அந்தாவ் தெ ப்ரொயன்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. ப்ரொயன்சா இறந்தபின் 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது அது; பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். தனிநாயகம் அடிகள் அதன் நிழற்படப் பதிப்பை 1966இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளியிட்டார். அதே ஆண்டு அதே நகரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. அம்மாநாட்டை நடத்திய உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்த ஊர் எது என்று கேட்டால் சென்னை என்பார் பலர். அன்று, தில்லி. 1964 சனவரி 7இல், இங்கு நடந்த 26ஆம் அனைத்துலகக் கீழைத்தேயவியலார் மாநாட்டின் இடையே, தனிநாயகம் அடிகளின் முயற்சியில் தொடங்கப்பட்டது.

அந்தச் சனவரியில் தில்லியில் மெக்சிகோவின் தூதராக இருந்தவர் ஒக்தாவியோ பாஸ். இருவரும் சந்தித்ததாக நான் சொல்லவரவில்லை. ஸ்பானிய உலகின் பெருங்கவி ஒருவரும், போர்த்துக்கீசியக் காப்பகங்களில் தமிழைத் தேடிய தமிழர் ஒருவரும் ஒரே குளிரில், ஒரே நகரில் இருந்தனர் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். பாஸைப் பற்றித் தில்லியின் ஸ்பானிய மாணவர் அனைவரும் அறிவர். தனிநாயகம் அடிகளைப் பற்றி அவர்களுள் ஒருவரும் என்னிடம் பேசியதில்லை.

கரையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. தமிழ் போர்த்துக்கீசியச் சொற்களை வாங்கியது போலவே, போர்த்துக்கீசியம் தமிழின் இலக்கணத்தை வாங்கிய ஓரிடம் உண்டு: மட்டக்களப்பு. அங்குள்ள பறங்கியர் குடும்பங்கள் சில இன்றும் பேசும் போர்த்துக்கீசியக் கிரியோலில் சொற்கள் லிஸ்பனுடையவை, எலும்புக்கூடு நம்முடையது. வினை வாக்கியத்தின் இறுதிக்கு வந்துவிடுகிறது. முன்னே நிற்க வேண்டிய வேற்றுமைச் சொல் பெயரின் பின்னே உருபாக ஒட்டிக்கொள்கிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் எழுவாயின் இடத்தில் நான்காம் வேற்றுமை நிற்கிறதே, அந்த அமைப்பும் அங்கே உண்டு. இயன் ஸ்மித் 1970கள் முதல் இதனை ஆராய்ந்திருக்கிறார். தமிழ் மொழியியல் மாணவர்க்கு இது வீட்டுக்கு அடுத்த வீடு. ஆயினும் அதை ஆராய்ந்த தமிழ் மாணவரை விரல்விட்டு எண்ணலாம்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூவர். போர்த்துக்கீசியத்தில் ஆய்வு செய்யும் கோவா நண்பர் ஒருவர், ஸ்பானிய மொழி வரலாறு படிக்கும் பீகார்த் தோழி ஒருவர், நான். விடுதி அறையில் அமர்ந்து 'கார்த்தில்யா'வின் நிழற்படத்தை வாரம் ஒரு பக்கம் படிக்கிறோம். நண்பருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவர் வாசிக்கும்போது எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே, பழைய போர்த்துக்கீசிய முறையில் ஒலிக்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். முதல் நாள் ஐந்து நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. ஆறாவது நிமிடத்தில் ஒரு தொடர் தெளிவாக விழுந்தது. கோவாக்காரர் வாயிலிருந்து வந்தது தமிழ், அதிலும் எங்கள் கரையின் இழுவையோடு. 'நிறுத்துங்கள், அதை மறுபடி படியுங்கள்' என்றேன். தான் என்ன சொன்னோம் என்று அறியாமலே அவர் மறுபடி படித்தார்.

வரும் சனிக்கிழமை ஏழாம் பக்கம். படித்து முடித்ததும் மூவரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்குவதாக ஏற்பாடு. போன முறை செய்த மாற்றுச் சாவி பூட்டில் சரியாகத் திரும்பவில்லை. அதையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.